கை காட்டும் இடம்

அந்த மென்பொருளில் ஒரு மனிதனை உண்டாக்க வேண்டுமென்றால் முதலில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கிருந்து வருகிறான், எங்கே போகிறான். பெயர் வேண்டாம், முகம் வேண்டாம். திரையில் அவன் ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்துக்குத் தோள் அகலம் உண்டு, நடை வேகம் உண்டு, போய்ச் சேர ஓர் இடம் உண்டு. சேர்ந்ததும் மறைந்துவிடுவான். எங்கள் பக்கத்து ஜனங்களை வைத்து இதை யோசித்தபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறவர்கள், கிளம்புகிறோம் என்று எழுந்த பிறகுதான் வாசலில் நின்று உண்மையான பேச்சையே ஆரம்பிப்பார்கள். அவர்களை எந்த மென்பொருளும் மறைய வைக்க முடியாது.

நான் திருவாரூருக்குத் தெற்கே, வயலும் வாய்க்காலுமான ஓர் ஊரில் பிறந்தவள். பொறியியல் படித்துவிட்டு, சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். ஜனம் கூடுகிற கட்டடங்களைக் கட்டுவதற்கு முன்னால், அங்கே கூட்டம் எப்படி நடக்கும், எங்கே முட்டும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது எங்கள் பிரிவின் வேலை. நாடு தன் கதவுகளை வெளிநாட்டுக்குத் திறந்துவிட்டிருந்த காலம் அது. எங்கள் ஊரில் மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று காத்திருந்தவர்களில் பாதிப்பேர், விசா வருமா வராதா என்று ஏஜெண்டின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்த வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது. எங்கள் டெல்டா ஜனங்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஏறுகிற விமான நிலையம் ஒன்றின் புறப்பாட்டுக் கூடத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள். வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். முகப்பில் நீளமாக இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டு அங்கே முழுச்சுவர் எழுப்புவதாகத் திட்டம். சுவரின் வெளிப்பக்கம் விளம்பரப் பலகைகள், உள்பக்கம் கடைகள். கூடத்துக்குள் போக ஒரே வாசல். அந்த வாசலில் கூட்டம் அடைக்காது என்று நாங்கள் ஓட்டிக் காட்டிவிட்டால், வரைந்தது வரைந்தபடி கட்டப்படும்.

கண்ணாடி போகிறது என்று கண்டதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

காரணம் உண்டு. நான் பள்ளியில் படிக்கும்போது அப்பா குத்தகை நிலத்தில் விவசாயம் செய்துகொண்டிருந்தார். அடுத்தடுத்து இரண்டு வருஷம் குறுவை சாகுபடி இல்லாமல் போனது. டிராக்டர் ஓட்டிய கை லாரியும் ஓட்டும் என்று சொல்லி வளைகுடாவுக்குக் கிளம்பினார். வேன் நிறைய சொந்தக்காரர்களோடு போய் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். உள்ளே அப்பா பெட்டியை எடை போட்டார், யாரிடமோ தாளைக் காட்டினார், மாடிப்படி ஏறினார். மேல்படியில் திரும்பி நின்று கையைத் தூக்கினார்.

எங்கள் பக்கத்தில் அதுதான் விடைபெறுவது. வாசலில் கட்டிப்பிடித்து அழுது "போயிட்டு வரேன்" சொல்வதெல்லாம் முன்னுரை. மேல்படியில் திரும்பிக் கை காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் வேன் கிளம்பும். எந்த ஊர் வேனும் அப்படித்தான், கூத்தாநல்லூரிலிருந்து வந்த வேனானாலும் சரி, மன்னார்குடியிலிருந்து வந்த வேனானாலும் சரி. அப்பா திரும்பி வர இரண்டு வருஷம் ஆனது. அதுவரைக்கும் அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரு கைதான். அந்த இடத்தில் விளம்பரப் பலகை வைக்கப்போகிறார்களாம்.

கோபத்தை வைத்துக்கொண்டு அறிக்கை எழுத முடியாது. வேலையை ஆரம்பித்தேன். எங்கள் பிரிவின் தலைவர் நல்ல மனிதர். கூட்டம் என்றாலே அவருக்கு ஆகாது, கல்யாண வீட்டில்கூடப் பந்திக்கு முன்பே கிளம்பிவிடுவார். கூட்டத்தைப் பற்றிய வேலையில் எப்படி இத்தனை வருஷம் இருந்தார் என்பது எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவர் வேறொரு நாட்டு விமான நிலையத்துக்குச் செய்த பழைய கோப்பை என்னிடம் கொடுத்தார்.

"இதையே நகல் எடுத்து, வரைபடத்தை மட்டும் மாத்தும்மா. உள்ள இருக்கிற விதியெல்லாம் அப்படியே இருக்கட்டும். சீக்கிரம் முடிச்சிடலாம்."

வரைபடத்தை உள்ளே ஏற்றுவதே பெரும்பாடு. அந்த மென்பொருளுக்குக் கோடு என்றால் சுவர். நாற்காலிக்குப் போட்ட கோடு, கூரை விளக்குக்குப் போட்ட கோடு, அளவு குறிக்கப் போட்ட கோடு எல்லாமே அதற்குச் சுவர்தான். முதல் தடவை ஓட்டியபோது வட்டங்கள் எல்லாம் திறந்த வாசலுக்கு முன்னால் வந்து மொத்தமாக நின்றுவிட்டன. பார்த்தால் வாசலின் அகலத்தைக் காட்டுகிற மெல்லிய கோடு ஒன்று குறுக்கே கிடந்தது. அதைத் தாண்ட ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை. எங்கள் ஊர் ஆட்களாக இருந்தால் கயிறு கட்டியிருந்தாலே குனிந்து போயிருப்பார்கள்.

கோடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் ஆட்கள் பிறக்க ஏற்பாடு செய்தேன். அவர்கள் வாசலுக்கு வர வேண்டும், பெட்டியை எடை போட வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும், மறைய வேண்டும். எந்த விமானத்துக்கு எத்தனை பேர் எப்போது வருவார்கள் என்பதையும் கொடுத்தாயிற்று. வழியனுப்ப வருகிறவர்களுக்குப் பழைய கோப்பில் ஒரு விதி இருந்தது. சில பயணிகளுக்கு ஒருவர் துணைக்கு வருவார், வாசலைத் தொடுவார், திரும்பிப் போய்விடுவார். ஓட்டினேன். நெரிசல் இருந்தால் சிவப்பாகக் காட்ட வேண்டிய தரை, நடவு முடிந்த வயல் மாதிரி ஒரே பச்சை.

"பிரமாதம். அறிக்கையை எழுதிடு," என்றார் தலைவர்.

"சார், இதுல எங்க ஊர்க்காரங்க ஒருத்தர்கூட இல்லையே."

"என்னம்மா சொல்ற?"

"ஒருத்தர் ஃப்ளைட் ஏறப் போனா ஒரு வேன் ஆளு கூட வரும் சார். வந்தா திரும்பிப் போக மாட்டாங்க. கண்ணாடிகிட்ட நிப்பாங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க பயணி இல்லம்மா. டிக்கெட் இல்லாதவங்க நம்ம கணக்குல எதுக்கு? தவிர, இப்பதான் எல்லார் கையிலயும் போன் இருக்கே. நின்னு பாக்கறதெல்லாம் அந்தக் காலம்."

போன் இருந்தால் ஜனம் பார்ப்பதை விட்டுவிடும் என்று அவர் நம்பினார். அதை நான் வாயால் மறுத்துப் பயனில்லை. அடுத்த வாரம் என் தம்பி சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்து வேலைக்குக் கிளம்ப இருந்தான், அதே விமான நிலையத்தில். லீவு போட்டு ஊருக்குப் போனேன். தம்பியை அனுப்பவும்தான், கூட்டத்தைப் பார்க்கவும்தான்.

விடிந்ததும் வேன் கிளம்பியது. அப்பா, அம்மா, பெரியப்பா குடும்பம், சித்தி குடும்பம், தம்பியோடு படித்தவர்கள் இருவர் என்று வேனுக்குள் கால் நீட்ட இடமில்லை. வழியில் மரத்தடியில் நிறுத்திப் புளிச்சோறு சாப்பிட்டோம். விமான நிலையத்தில் இறங்கியதும் நான் கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகி, வாசல் முழுசாகத் தெரிகிற தூணோரம் நின்றுகொண்டேன். பழைய கோப்பில் இருந்த மனிதர்களில் ஒருவரையும் அங்கே காணவில்லை.

முதலில் ஜெபம். நாங்கள் லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். பெரியப்பா வாசலுக்கு நேர் எதிரே தம்பியின் தலையில் கை வைத்தார். எல்லோரும் வட்டமாக நின்று கண்ணை மூடினார்கள். பெரியப்பாவின் ஜெபம் சுருங்கி யாரும் பார்த்ததில்லை. விமானம், விமானி, சிங்கப்பூர் அரசாங்கம், கப்பல் தளத்து மேலாளர் எல்லோருக்குமாக வேண்டிக்கொண்டார். எங்களைச் சுற்றிக்கொண்டு இன்னொரு குடும்பம் போக, அவர்களும் வாசலருகே நின்று பையனுக்குத் திருநீறு பூசினார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு பாய் தன் மகனின் காதருகே ஓதிக்கொண்டிருந்தார். மூன்று சாமிக்கும் வாசல்படிதான் பிடித்திருந்தது.

தம்பி உள்ளே போனான். வெளியே இருந்தவர்கள் கண்ணாடியை நோக்கி நகர்ந்தார்கள். வாசல் காலியானது. அடுத்த பயணி தடையில்லாமல் உள்ளே போனார். இதை நான் நன்றாகக் கவனித்தேன். கண்ணாடி இருப்பதால்தான் வாசல் காலியாகிறது.

கொஞ்ச நேரத்தில் தம்பி வாசலுக்கே திரும்பி வந்தான், கையில் ஊறுகாய் பாட்டில்.

"எடை கூடிடுச்சும்மா. இதை வச்சுக்க."

"அதான் அப்பவே தெரியும். இருந்தாலும் வச்சுப் பாப்போம்னு வச்சேன்," என்றாள் அம்மா, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக் கணக்கும் இதுதான். எடை கூடும் என்று தெரியும். ஆனாலும் நல்ல நேரத்தில் தராசுக்காரர் மனம் இளகலாம் என்று ஒரு நம்பிக்கையில் கடைசியாக ஒன்றை வைத்துவிடுவார்கள். தம்பிக்குப் பின்னாலேயே ஒருவர் முறுக்கு டப்பாவோடு வெளியே வந்தார், இன்னொருவர் இட்லி அரிசி மூட்டையோடு. உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் ஒரே வாசலில் தோளோடு தோள் உரசினார்கள். எந்த வெளிநாட்டுக் கோப்பிலும் இப்படித் திரும்பி வருகிற பயணி கிடையாது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் யார் யார் எதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கண்ணாடிப் பக்கம் "ஏய், ஏய்" என்று சத்தம் கேட்டது. திரும்பினேன். அம்மா ஒரு கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். போனில் பேசிக்கொண்டிருந்ததும் தம்பியிடம்தான். நான் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பதற்குள் மேல்படியில் யாரும் இல்லை.

"எங்கடி போன? அவன் அக்கா எங்க அக்கா எங்கன்னு தேடிக் கை காட்டினான்டி," என்றாள் அம்மா.

வேன் ஊர் திரும்பியது. கோயில்வெண்ணி தாண்டியபோது ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். தம்பியின் கையைப் பார்க்க முடியாமல் போனதற்கு ஈடாக அந்தக் கண்ணாடியை வாங்காமல் விடுவதில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் பழைய கோப்பை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கினேன். பயணிகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர்களுக்குப் போகுமிடம் உண்டு. சிக்கல் வழியனுப்ப வருகிறவர்களிடம்தான். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று மென்பொருள் கேட்டது. எங்கேயும் போகவில்லை, பார்க்க வந்திருக்கிறார்கள் என்றால் அதற்குப் புரியாது. அந்த வட்டங்களுக்குக் கண் கிடையாது.

கண் இல்லாவிட்டால் போகட்டும், நான் பார்த்துச் சொல்கிறேன் என்று வரைபடத்தைத் தாளில் எடுத்து, மேசையில் விரித்து, மாடியின் மேல்படியில் பென்சிலை வைத்தேன். அங்கிருந்து வெளியே எங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்று அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தேன். கண்ணாடி இருக்கும்போது அந்தக் கோடுகள் விரித்த முறம் மாதிரி முகப்பு முழுவதும் பரவின. சுவர் வந்தபோது எல்லாக் கோடும் ஒரே சந்து வழியாகத்தான் வெளியே வந்தது. அந்தச் சந்து, வாசல்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஊருக்குப் போய்ப் பார்த்ததன் அர்த்தம் அப்போதுதான் முழுதாக விளங்கியது. சுவர் எழுப்பினால் வழியனுப்ப வருகிறவர்கள் வராமல் இருக்கப்போவதில்லை. மேல்படி தெரிகிற ஒரே இடத்துக்கு வந்து நிற்பார்கள். கண்ணாடியை அடைத்தால் அடைபடப் போவது வாசல்.

மேல்படி தெரிகிற பகுதியைக் காத்திருக்கும் இடமாகக் குறித்தேன். ஒவ்வொரு பயணிக்கும் ஒரு வேன் கூட்டத்தைக் கட்டிவிட்டேன். பயணி மேல்படியைத் தொட்டால்தான் அந்தக் கூட்டத்துக்கு விடுதலை, அதுவரை அசையக் கூடாது. வாசல்முன் சிலர் ஜெபத்துக்கு நிற்பார்கள். பயணிகளில் சிலர் எடை போட்ட பிறகு வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டு மறுபடி உள்ளே போவார்கள். இடத்துக்கெல்லாம் பெயர் வைக்க வேண்டும் என்றது மென்பொருள். "கை காட்டும் இடம்" என்று வைத்தேன், ஆங்கில எழுத்தில்.

அம்மா போனில் விசாரித்தாள். "வேலை என்ன ஆச்சு?"

"வேன் ஆளுங்களை நிக்க வச்சுக்கிட்டிருக்கேம்மா."

"சாப்பிட வை," என்றாள்.

கண்ணாடியோடு ஒரு தடவை, சுவரோடு ஒரு தடவை ஓட்டினேன். கண்ணாடி இருந்தபோது வட்டங்கள் முகப்பு நெடுகப் பரவி நின்றன, வாசல் பச்சையாகவே இருந்தது. சுவர் வந்தபோது வாசல் மஞ்சளானது, சிவந்தது, அந்தச் சிவப்பு கார்கள் வந்து நிற்கிற சாலைவரை வழிந்தது. உள்ளேயிருந்து திரும்பி வந்தவர்கள் வெளியே வர முடியாமல் வாசலுக்குள்ளேயே நின்றார்கள்.

தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இவங்க ஏம்மா திரும்பி வராங்க?"

"ஊறுகாய் சார்."

"ஊறுகாயை எல்லாம் நான் எப்படி மீட்டிங்ல சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம் சார். நான் சொல்றேன்."

அவருக்கு என்மேல் எரிச்சல்தான். ஆனால் திரையில் இருந்த சிவப்பை அவரால் ஒதுக்கவும் முடியவில்லை. பழைய கோப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ஒன்று கவிழ்ந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்ற முன்ஜாக்கிரதை.

ஆலோசனைக் கூட்டத்துக்கு வந்த விமான நிலைய அதிகாரிகளில் இளையவர் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார். "வாசல்ல நின்னா செக்யூரிட்டி விரட்டிடுவாங்க. இது ஒரு பிரச்னையே இல்ல."

"விரட்டினா எங்க சார் போவாங்க?" என்று கேட்டேன். "புள்ள மேல்படி ஏறலைன்னா வேன் கிளம்பாது. சாலையில நிப்பாங்க. விரட்டறவர் அந்தப் பக்கம் திரும்பினதும் மறுபடி வாசலுக்கு வருவாங்க. நானே வருவேன்."

என் குரல் உயர்ந்துவிட்டது. தலைவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அதுவரை வாய் திறக்காமல் இருந்த மூத்த அதிகாரி திரையைக் காட்டினார்.

"அந்த ஊறுகாய் வர்றதை இன்னொரு தடவை ஓட்டுங்க."

ஓட்டினேன். ஒரு வட்டம் வாசலுக்குத் திரும்பி வந்தது, நின்றது, மறுபடி உள்ளே போக வழியில்லாமல் தவித்தது. அவர் சிரித்தார். "எங்க வீட்டுல பருப்புப் பொடி. பொண்ணு அமெரிக்கா போறப்ப நான்தான் திரும்ப வாங்கி வச்சுக்கிட்டு நின்னேன்," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எவ்வளவு கண்ணாடி வேணும்?" என்று கேட்டார்.

முழுவதும் வேண்டும் என்றேன். பாதிதான் முடியும், மீதி விளம்பரத்துக்கு என்றார்கள். வாதாடிப் பார்த்தேன், பாதிக்கு மேல் பெயரவில்லை. ஆனால் எந்தப் பாதி என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பென்சில் கோடு போட்ட தாளை மேசையில் விரித்து, மேல்படி தெரிகிற பாதியைக் கேட்டு வாங்கினேன். வெளியே வந்ததும் தலைவர் பழைய கோப்பைப் பையின் அடியில் தள்ளிவிட்டு, காப்பி வாங்கிக் கொடுத்தார்.

கட்டி முடிக்கச் சில வருஷங்கள் ஆயின. நிறுவனம் என்னைத் துபாய்க் கிளைக்கு அனுப்பியபோது புதிய கூடம் திறந்திருந்தது. எனக்காகவும் ஒரு வேன் கிளம்பியது. பெரியப்பா வாசலுக்கு எதிரே நின்று துபாய் அரசாங்கத்துக்காக ஜெபித்து முடித்ததும், அம்மாவைக் கண்ணாடிப் பக்கம் அழைத்துப்போய்க் காட்டினேன்.

"இது இருக்கட்டும்னு சண்டை போட்டு வாங்கினது நான்தாம்மா."

அம்மா கண்ணாடியை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ணாடி முன்னாடியே இருந்துச்சேடி. இதுல நீ என்ன பண்ணின?"

அவள் சொன்னதும் சரிதான். இருந்ததில் பாதி இருந்தபடி இருக்கிறது, என் வேலை அவ்வளவுதான்.

உள்ளே போய்ப் பெட்டியை எடை போட்டேன். கூடியிருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் அம்மா வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். வாசலில் நெரிசல் இல்லை. என்னோடு இன்னும் இரண்டு பேர் ஏதேதோ டப்பாக்களோடு வந்து கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

பிறகு படி ஏறினேன். மேல்படியில் போன் அடித்தது.

"திரும்பு. நாங்க தெரியுறோமா?"

திரும்பினேன். கண்ணாடிக்கு வெளியே எங்கள் வேன் மொத்தமும் பரவி நின்றது. அம்மா ஒரு கையில் போனைக் காதில் வைத்திருந்தாள். மறு கையில் ஊறுகாய் பாட்டில். கீழே வைக்க மறந்து, அதையே தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியுதும்மா. எல்லாரும் தெரியுறீங்க," என்றேன்.

நானும் கையைத் தூக்கினேன். வாசல் பக்கம் இந்த முறை பார்க்கவே இல்லை.